அறுபதாவது உழைப்பு நாள்

முகாம் மலரை அச்சடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னது உண்மைதான். எழுதித் தருகிறேன் என்று சொல்லவில்லை. பழனி அடிவாரத்தில் நான் வைத்திருப்பது அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், பஞ்சாமிர்த டப்பாவுக்கு லேபிள், இதுதான் தொழில். முகாமை நடத்துகிற மயில்சாமி அண்ணனுக்கு இரண்டும் ஒன்றுதான். "அச்சடிக்கிறவனுக்கு எழுத வராதா குமாரவேலு? பத்து நாள் முகாம்ல வந்து இரு, வரலாறு தானா வந்துரும்" என்று சொல்லி என் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டார். ஐம்பத்தோரு வயதில், விசில் சத்தத்துக்கு எழுந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வரிசையில் தட்டேந்தி நின்று, ஆறிப்போன ரவை உப்புமாவை வாங்கித் தின்னும்படி ஆயிற்று.

இளந்தளிர் கோடை முகாம் என்றால் பழனிப் பக்கம் மூன்று தலைமுறைக்குத் தெரியும். பாலசமுத்திரத்தில் வாத்தியாராக இருந்த சேனாதிபதி ஐயா, 1963 கோடை விடுமுறையில் இருபத்திரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு மலையேறினார். கோடைக்கானலுக்கு மேற்கே மேட்டுச்சோலை என்ற ஊருக்கு மேலே, புல்மேட்டில் நான்கு கூடாரம் அடித்தார். அன்று தொடங்கியது. எண்பத்தொன்றில் பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். கூடாரம் போய்த் தகரக் கொட்டகை வந்தது, அதுவும் போய்க் கட்டடம் வந்தது. கொரோனாவில் இரண்டு வருடம் விட்டுப்போனதால், இந்த வருடம்தான் அறுபதாவது முகாம். ஐயா காலமாகி இருபது வருடம் ஆகிறது. அவர் கழுத்தில் கிடந்த விசில் இப்போது மயில்சாமி அண்ணன் கழுத்தில் கிடக்கிறது.

ஐயா ஒரு சட்டம் போட்டிருந்தார். எந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோமோ அந்த ஊருக்கு ஒரு நாளாவது வேலை செய்ய வேண்டும். அதனால் முகாமின் நாலாம் நாள் உழைப்பு நாள். பிள்ளைகள் அத்தனை பேரும் மேட்டுச்சோலைக்கு இறங்கி ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வரவேண்டும். மலரில் இதற்குத்தான் அதிகப் பக்கம். அறுபது வருட நன்மைகளையும் ஊருக்குள் போய் விசாரித்து எழுதி வா என்று அண்ணன் என்னை அனுப்பினார்.

போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

அறுபத்தொன்பதில் பிள்ளைகள் ஊர் முனையில் பஸ் நிழற்குடை கட்டியிருக்கிறார்கள். அப்போது ஊருக்கு பஸ் பாதையே இல்லை. தொண்ணூற்று நாலில்தான் பஸ் வந்தது, அதுவும் ஊரின் மறுமுனைக்கு. நிழற்குடையில் இன்றைக்கும் மாடுகள்தான் நிற்கின்றன. எழுபத்தெட்டில் பாதையோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். அதில் ஒரு கல் கருப்பசாமி. வெள்ளையடித்த கருப்பசாமிக்கு ஊரே கூடிக் கிடா வெட்டிப் பரிகாரம் செய்தது. இதையெல்லாம் ஊர்க்காரர்கள் கோபமில்லாமல்தான் சொன்னார்கள். ஆலங்கட்டி மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

"அப்புறம் எம்பத்தேழுல ஊத்துக்கு மேல முந்நூறு சீகைக் கண்ணு வச்சாங்க சார். அது காடா மண்டித் தண்ணியெல்லாம் உறிஞ்சிக்கிட்டு, தை மாசத்தோட ஊத்து வத்திருது" என்றார் நான் விசாரிக்கப் போன ஒரு வீட்டில் இருந்த சோலையம்மாள்.

எண்பத்தேழில் சீகைக் கன்று நட்டவர்களில் நானும் ஒருவன். ஒன்பதாம் வகுப்பு. பதினோரு கன்று வைத்தேன் என்று அப்பாவுக்குக் கடிதம் வேறு எழுதினேன். அதைச் சோலையம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நீங்கதானா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காபிக்கு அடுப்பு மூட்டினார்.

சோலையம்மாளின் வீட்டுக்காரர் திருமலைச்சாமிதான் முகாமின் சமையல்காரர். முப்பத்தோரு முகாமாகக் கரண்டி அவர் கையில்தான். மற்ற நாட்களில் விவசாயி. கால் ஏக்கர் மலைப்பூண்டு, கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் பீன்ஸ். முகாம் வருகிற நேரமும் பூண்டு ஊன்றுகிற நேரமும் ஒன்று. கோடை மழை விழுந்து மண் பதமாக இருக்கும் நாலைந்து நாளுக்குள் ஊன்றிவிட வேண்டும். அந்த நாலைந்து நாளும் திருமலைச்சாமி வீட்டில் இருந்ததே இல்லை. நிலத்தைக் கொத்துவது, பாத்தி பிடிப்பது, ஊன்றுவது எல்லாம் சோலையம்மாள்தான். ஊன்றுகிற அன்று காலையில் முகாமுக்குக் கிளம்பும்முன் முதல் பல்லை மட்டும் அவர் ஊன்றிவிட்டுப் போவார். அதற்குப் பெயர் கைராசி.

விதைப்பூண்டைச் சந்தையில் வாங்குவதில்லை. போன போகத்தில் விளைந்ததில் நல்ல குண்டாகப் பார்த்து எடுத்து, தாளோடு முடிச்சுப் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுகிறார்கள். புகை ஏறி ஏறிச் செம்பழுப்பாகிக் கிடக்கும். அந்த வீட்டு விதை திருமலைச்சாமியின் அப்பா காலத்திலிருந்து ஊன்றி எடுத்து, ஊன்றி எடுத்து வருவது. கீழ்நாட்டுப் பூண்டை இந்தக் குளிரில் ஊன்றினால் தழைக்கும், தலை பிடிக்காது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், நாளைக்கு என்ன நன்மை செய்வது என்று மயில்சாமி அண்ணன் யோசித்துக்கொண்டிருந்தார். சாம்பார் வாளியோடு வந்த திருமலைச்சாமி, "நம்ம வீட்ல பூண்டு வேலை கெடக்குங்க. எம்பது கிலோ. பரண்லேர்ந்து எறக்கி வச்சிருக்கு. புள்ளைங்க கை வச்சா அரை நாள்ல முடிஞ்சிரும்" என்றார். பாவம், மனைவிக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். அண்ணன் நோட்டில் குறித்துக்கொண்டார். வேறு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு வருவோம் என்று சொல்லியிருந்தது. மயில்சாமி அண்ணனுக்கு எதையும் வெள்ளனே செய்தால்தான் திருப்தி. எட்டு மணிக்கே அறுபத்திரண்டு பிள்ளைகளும் போய் இறங்கிவிட்டார்கள். சோலையம்மாள் வீட்டில் இல்லை. பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டுமே என்று கீழத்தெருக் குழாய்க்குப் போயிருந்தார். ஊற்று வற்றிப்போனதால் அங்கேதான் போகவேண்டும். சீசன் நேரம், குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது. அன்றைக்குச் சீக்கிரம் வரவில்லை. குடத்தோடு வரிசையில் பதினோரு மணிவரை நின்றிருக்கிறார். அக்கம்பக்கத்தார் எல்லாரும் விவசாயக் காட்டு வேலையில் இருந்தார்கள்.

முற்றத்தில் பூண்டு குவிந்து கிடந்தது. விதைப்பூண்டை உதிர்த்துத் தனித்தனிப் பல்லாகப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தோல் மேலேயே இருக்கவேண்டும். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரிந்த பூண்டு வேலை முகாம் சமையலறையின் பூண்டு வேலை. பல்லைப் பிரித்து, அண்டாவில் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் ஊறப்போட்டு, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். முப்பத்தோரு முகாமாகத் திருமலைச்சாமி சொல்லிக்கொடுத்த வித்தை. இரண்டு நாளாகச் சமையல் முறைக்குப் போன பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வாசலில் இருந்த நீல டிரம்மில் மூன்று நாளாகச் சோலையம்மாள் சுமந்து சேர்த்த தண்ணீர் இருந்தது. அது முழுவதையும் அண்டாவில் ஊற்றினார்கள்.

நான் அங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தேன். பிளம்ஸ் மரத்தடியில் கல்லில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, 'பிஞ்சுக் கரங்கள் ஒரு விவசாயக் குடும்பத்தின் சுமையை இறக்கி வைக்கின்றன' என்று எழுதிக்கொண்டிருந்தேன். நானும் ஒரு கிலோ உரித்திருப்பேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நடுவில் ஒரு சின்ன ரகளை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்த அணிக்கு ஒரு சாக்குப் பூண்டைக் கொண்டுபோய்க் கொடு என்று ஷர்மிளா என்ற பெண்ணை அனுப்பியிருந்தார்கள். பழனிப் பிள்ளை, ஒன்பதாம் வகுப்பு. முகாமுக்கு வர இஷ்டமில்லாமல் அப்பா பிடித்து ஏற்றிவிட்ட பிள்ளை என்று முதல் நாளே தெரிந்தது. போனவளைக் காணோம். அண்ணன் தேடிப் போனால், அடுக்கிவைத்த விறகு அட்டிக்குப் பின்னால் நல்ல வெயில் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேலை நேரத்தில் தூங்கியதற்காக முகாம் முடியும்வரை பாத்திரம் கழுவும் தண்டனை. 'அறுபது வருடத்தில் உழைப்பு நாளில் உழைக்காத முதல் ஆள்' என்று அன்று சாயங்காலம் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துச் சொன்னார். அந்தச் சாக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்குச் சோலையம்மாள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடத்தோடு வந்தார். முற்றம் முழுக்கப் பாய் விரித்து, பல் பல்லாக, வெள்ளை வெளேரென்று பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு பையன் முன்னால் வந்து, "ஊற வச்சு உரிச்சதால ஒரு பல்லுகூட அடிபடல ஆன்ட்டி" என்றான்.

அவர் குடங்களை இறக்கி வைத்தார். ஒரு பல்லை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தார். பாயில் அங்கங்கே கையை விட்டு அளைந்தார், தோலோடு ஒன்றாவது கிடைக்குமா என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், இது விதை" என்றார்.

நான் நோட்டை மூடினேன். ஊறிய தோலில்லாப் பல்லை ஈர மண்ணில் ஊன்றினால் நாலே நாளில் அழுகிவிடும் என்று அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைதான் தாங்க முடியாததாக இருந்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி, திருமலைச்சாமி கையில் கரண்டியோடு இறங்கி வந்தார். பாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, என்ன சொல்லி அனுப்புனீங்க?" என்று கேட்டார் சோலையம்மாள்.

"பூண்டு வேலை கெடக்குன்னு சொன்னேன். பரண்ல கெடந்த பூண்டு. பாத்தாலே விதைன்னு தெரியாதா?"

"யாருக்குத் தெரியும்? பழனிப் புள்ளைகளுக்கா? அதுகளுக்குப் பூண்டுன்னா ஊறப்போட்டு உரிக்கிறதுன்னு சொல்லிக் குடுத்தது நீங்க. அதுக சொன்ன சோலிய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு. நீங்கதான் ஒங்க வீட்டு விதைக்கு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லல."

மயில்சாமி அண்ணன் குறுக்கே வந்து, கோடைக்கானல் மார்க்கெட்டில் எண்பது கிலோ நல்ல பூண்டாக வாங்கி இன்றைக்கே இறக்கிவிடுவதாகச் சொன்னார். சோலையம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் விசில் தானாக ஊதியிருக்க வேண்டும்.

"மார்க்கெட்டுப் பூண்டு கொழம்புக்கு ஆகும், வெதைக்கு ஆகாதுங்க. எங்க ஊர்ல ஆருக்கிட்டயும் மிச்ச விதை இருக்காது, அவுகவுக காட்டுக்கு அளந்துதான் எடுத்து வைப்பாக. இந்தப் போகம் போச்சுன்னா எங்க மாமனார் வச்ச விதை இந்த வீட்டோட அத்துப் போச்சு." அவர் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு மேலே சொன்னார். "நான் கேக்குறேன், நீங்க ஏன் வந்து எதையாச்சும் செஞ்சுக்கிட்டே இருக்கீக? எங்க ஊருல வந்து கெடங்க. சோறு தின்னுங்க, மலையப் பாருங்க, பாட்டுப் பாடுங்க. ஆரு வேணாங்கறா? செய்யாமப் போனாத்தான் என்னங்க?"

அறுபது வருடத்தில் இதை யாரும் முகாமிடம் கேட்டதில்லை. அண்ணன் விசிலை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பிள்ளைகளில் சிலர் அழத் தொடங்கினார்கள். அழுகிற பிள்ளைகளுக்கு, சுமந்து வந்த இரண்டு குடத் தண்ணீரையும் சோலையம்மாளே மொண்டு கொடுத்தார். அதற்காகத்தானே போனார்.

உரித்த பூண்டு முகாமுக்கு வந்து சேர்ந்தது. கொண்டுபோய்த் தின்னுங்கள் என்று அனுப்பிவிட்டார். அதன்பிறகு ஆறு நாளும் பூண்டுக் குழம்பு, பூண்டு ரசம், பூண்டுத் துவையல், பூண்டுச் சோறு. கடைசியில் உப்புமாவிலும் பூண்டு விழுந்தது. கம்பளி, தலையணை, நோட்டுப் புத்தகம் எல்லாம் பூண்டு மணந்தது. திருமலைச்சாமி யாரிடமும் பேசவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து வீட்டுக்குப் போனால் சோலையம்மாள் அவரிடம் பேசவில்லை. சட்டிபானைக் குவியலுக்கு நடுவில் ஷர்மிளா உட்கார்ந்து கரியைத் தேய்த்துக்கொண்டிருப்பாள், அவளும் பேசவில்லை. அந்தச் சமையலறையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான்.

எட்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. ஒன்பதாம் நாளும் விடவில்லை. நான் கிழங்கு வாங்கும் சாக்கில் ஊருக்குள் போய்ப் பார்த்தேன். எல்லாக் காட்டிலும் பெண்கள் குனிந்து ஊன்றிக்கொண்டிருந்தார்கள். சோலையம்மாளின் பாத்திகள் மட்டும் கறுப்பாக, ஈரமாக, வெறுமனே கிடந்தன. கொத்திச் சீப்பிட்டதுபோல அவ்வளவு நேர்த்தியாகப் பிடித்து வைத்திருந்தார். பக்கத்துக் காட்டுக்காரி தன் விதையில் இரண்டு கைப்பிடி கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அதைச் சோலையம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தார், ஊன்றவில்லை. இரண்டு கைப்பிடியைக் கால் ஏக்கரில் எங்கே போய் ஊன்றுவது என்று என்னிடம் கேட்டார். வரலாறு எழுத வந்தவன் கிழங்கை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

பத்தாம் நாள், நிறைவு விழா. இ-பாஸ் எடுத்து மலையேறிய பழைய மாணவர்கள் நாற்பது பேர் கார்களில் வந்து சேர்ந்தார்கள். சாப்பாட்டு மண்டபத்தில் மயில்சாமி அண்ணன் முகாமின் அறுபதாண்டுச் சேவையைப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தார். நிழற்குடை, வெள்ளையடித்தது, மரக்கன்று. அப்போது வாசலில் சோலையம்மாள் வந்து நின்றார். தலையில் மழைக்குக் கொங்காணியாக மடித்துப் போட்ட சாக்கு, அதில் மழைத்தண்ணீர் சொட்டுகிறது. இடுப்பில் இன்னொரு சாக்கு, வாய் கட்டியது.

சண்டைதான் என்று நினைத்தோம். நியாயமான சண்டைதான், ஆனால் பழைய மாணவர்கள் முன்னாலா என்று அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

சோலையம்மாள் சாக்கை மேஜைமேல் வைத்து அவிழ்த்தார். செம்பழுப்புத் தோலோடு, புகை வாசத்தோடு, முழு முழுப் பூண்டாக இருந்தது. பன்னிரண்டு கிலோ தேறும்.

"மழைக்குக் காஞ்ச வெறகு எடுக்க அட்டியப் பிரிச்சேன். பின்னால சொருகிக் கெடந்துச்சு" என்றார். "இதை உரிக்காமப் போட்டது ஆரு?"

மற்ற அறுபத்தோரு பிள்ளைகளும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். சமையலறை வாசலில், கையெல்லாம் சோப்பு நுரையும் கரியுமாக ஷர்மிளா நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் ஆன்ட்டி" என்றாள். "உரிக்கச் சொன்னாங்க. எனக்கு அந்த ஸ்மெல் பிடிக்காது. பின்னாடி போட்டு, தலைக்கு வச்சுத் தூங்கிட்டேன். அதுக்குத்தான் பனிஷ்மென்ட் குடுத்துட்டாங்க." மறுபடியும் ஒரு தண்டனை வரப்போகிறது என்று அவள் முகம் சொன்னது. அழவில்லை. அலுத்துப்போயிருந்தாள்.

சோலையம்மாள் அவள் அருகில் போனார். அந்தக் கரிக்கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்ன நடக்கிறதென்று அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. மண்டபத்தில் பாதிப் பேருக்கும் விளங்கவில்லை. திருமலைச்சாமிக்கு விளங்கிவிட்டது. அவர் அடுப்பை அணைத்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

பன்னிரண்டு கிலோ கால் ஏக்கருக்குக் காணாது. நாலைந்து பாத்திக்கு வரும். ஆனால் அதில் விளைவதை ஒரு பல்கூடத் தின்னாமல் விதைக்கே வைத்தால், இரண்டு போகத்தில் காடு பழையபடி நிறைந்துவிடும். விதை அற்றுப்போகவில்லை. சோலையம்மாள் இதை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அதைவிட நல்ல நிறைவுரையை நான் எந்த விழாவிலும் கேட்டதில்லை.

மயில்சாமி அண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, எல்லாரும் இப்போதே காட்டுக்கு இறங்கி ஒரு மணி நேரத்தில் ஊன்றி முடித்துவிடலாம், பழைய மாணவர்களும் வாருங்கள், போட்டோ எடுக்கலாம் என்று தொடங்கினார். விசிலைக்கூட வாயில் வைத்துவிட்டார்.

"ஒருத்தரும் எந்திரிக்கப்படாது" என்றார் சோலையம்மாள். சத்தமாகச் சொல்லவில்லை. நாற்பது பழைய மாணவர்களும் அறுபத்தோரு பிள்ளைகளும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "இந்தப் புள்ள மட்டும் வரட்டும். அப்புறம் எங்க வீட்டு ஆளு. மத்தியானச் சோத்த நீங்களே பாத்துக்கங்க."

அறுபதாவது முகாமின் விருந்துச் சாப்பாட்டை மயில்சாமி அண்ணன் கிண்டினார். உப்புமாதான் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் அங்கே இருக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே இறங்கிவிட்டேன்.

காட்டில் மழை பூந்தூறலாக இறங்கியிருந்தது. திருமலைச்சாமி வரப்பில் உட்கார்ந்து மளமளவென்று பல்லைப் பிரித்துக் கொடுத்தார். முதல் பல்லைச் சோலையம்மாள் அவரிடம் கொடுக்கவில்லை. ஷர்மிளாவின் கையில் வைத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கி, மூக்கைச் சுளித்துக்கொண்டு, பல்லைத் தலைகீழாக அழுத்தினாள். சோலையம்மாள் அதைத் தோண்டியெடுத்து, முனை மேலே வரும்படி அவள் விரலோடு சேர்த்து மறுபடி ஊன்றினார்.

"அடுத்தது நானே வைக்கிறேன் ஆன்ட்டி. இப்பத் தெரிஞ்சிருச்சு" என்றாள் ஷர்மிளா. பத்து நாளில் அந்தப் பெண் ஒரு வேலையைத் தானாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வேணாந்தாயி. ஒன் கைராசிக்கு ஒண்ணு போதும். நீ வரப்புல உக்காந்துக்க. ஒண்ணுஞ் செய்யாத" என்றார் சோலையம்மாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பாத்தியில் குனிந்தார்கள். முகாம் நடந்த எந்த வருடத்திலும் அப்படி அவர்கள் சேர்ந்து குனிந்ததில்லை. பாத்தி முடியும் இடத்தில் சோலையம்மாள் கையை நீட்ட, திருமலைச்சாமி தன் மடியிலிருந்து ஒரு பிடி விதையை அள்ளி வைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மழை வலுக்கும்போல இருந்தது, வெரசாக முடித்தால் நல்லது என்றும் தோன்றியது. குடையை ஷர்மிளாவிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் பாத்தியில் ஒரு காலை வைத்தேன்.

சோலையம்மாள் நிமிரவில்லை.

"சார், நீங்களும்தான். அந்தப் புள்ள பக்கத்துல உக்காருங்க" என்றார். "நீங்க வச்ச மரமே போதும்."